அம்பது யென் பாக்கி!

ஒசாகாவுக்குப் போகிறேன் என்றதும் ஆளாளுக்குப் புத்திமதி சொன்னார்கள். "பச்சை மீனைத் தின்னு வைக்காதே" என்றார் பக்கத்து வீட்டு மாமா. "வீட்டுக்குள்ளே செருப்பைக் கழட்டிட்டுத்தான் போகணுமாம்" என்றாள் அக்கா. என்னவோ நாமெல்லாம் பரம்பரை பரம்பரையாகச் செருப்போடு கட்டிலில் ஏறிப் படுக்கிறவர்கள் மாதிரி! ஆனால் 'அந்த ஊர் சுரங்க ரயிலுக்கு டிக்கெட் வாங்குவது எப்படி?' என்று ஒரு மகானுபாவர்கூடச் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

நான் தங்கியது சித்தப்பா பையன் வீட்டில். அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பிரம்மச்சாரி. காலையில் டை கட்டிக்கொண்டே சொன்னான்: "அண்ணே, ஸ்டேஷன்ல கார்டு ஒண்ணு வாங்கிக்குங்க. தட்டினா கதவு திறக்கும். கணக்கெல்லாம் அதுவே பார்த்துக்கும்."

"எவ்வளவுடா?"

"ரெண்டாயிரம் யென். அதுல ஐந்நூறு டெபாசிட்."

பி.காம். படித்தவனிடம் போய் 'கணக்கெல்லாம் அதுவே பார்த்துக்கும்' என்று சொல்லலாமா? அப்புறம் மூன்று வருஷம் நான் படித்ததற்கு என்ன மரியாதை? அதுவும் ஐந்நூறு யென் டெபாசிட், வட்டி கிடையாது! "முடியாது. நான் டிக்கெட்டே வாங்கிக்கிறேன். காசை எண்ணிக் கொடுத்தாத்தான் செலவு கண்ணுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் சாயங்காலம்தான் புரிந்தது.

கார்டைப் பற்றி ஒரு விஷயம். அதன் பெயர் 'இகோகா'. சுரங்க ரயில்காரர்களுடையதல்ல, ஜே.ஆர். என்கிற பெரிய ரயில் கம்பெனி வெளியிடுவது. 'இகோகா' என்றால் அந்தப் பக்கத்துப் பேச்சு வழக்கில் 'போலாமா?' என்று அர்த்தமாம். கார்டின் சின்னம், நீல நிறத்தில், வாத்து மூக்கு வைத்த பிளாட்டிபஸ் பிராணி ஒன்று. டோக்கியோக்காரன் பேச்சும் ஒசாகாக்காரன் பேச்சும் சென்னைத் தமிழும் நெல்லைத் தமிழும் மாதிரி. தன் ஊர்ப் பேச்சை டிக்கெட்டிலேயே அச்சடிக்கிற அளவுக்கு ஒசாகாக்காரனுக்கு அதில் பெருமை. எஸ்கலேட்டரில்கூட டோக்கியோவில் இடது பக்கம் ஒதுங்கி நின்றால் இங்கே வலது பக்கம்தான் நிற்பான்!

உமேடாவுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஊரின் நடு நாயகமான இடம். இங்கே முதல் குழப்பம். ஜே.ஆர். ஸ்டேஷனின் பெயர் 'ஒசாகா'. அதை ஒட்டியே சுரங்க ரயில் ஸ்டேஷன், பெயர் 'உமேடா'. கொஞ்சம் தள்ளி 'ஹிகாஷி-உமேடா', அதாவது கிழக்கு உமேடா. இன்னொரு பக்கம் 'நிஷி-உமேடா', மேற்கு உமேடா. இது போதாதென்று இரண்டு தனியார் ரயில் கம்பெனிகள் 2019-ல் தங்கள் ஸ்டேஷன்களுக்கு 'ஒசாகா-உமேடா' என்று பெயர் மாற்றிக்கொண்டன. எல்லாம் கூப்பிடு தூரம். ஒரே தெருவில் ஆறு முருகன் இட்லிக்கடை இருந்து, ஒன்றில் வாங்கிய டோக்கன் இன்னொன்றில் செல்லாது என்றால் எப்படி இருக்கும்? அப்படி!

இதைப் புரிந்துகொள்வதுதான் ஜப்பான் ரயிலின் பாலபாடம். ஒவ்வொரு கம்பெனிக்கும் தனிக் கதவு, தனிக் கட்டணம். ஒருவரின் ரயிலிலிருந்து இறங்கி அடுத்தவர் ரயிலில் ஏறினால் மறுபடி முதல் கட்டத்திலிருந்து மீட்டர் ஓடும். சுரங்க ரயிலின் மூன்று உமேடாக்களுக்கு மட்டும் சலுகை. ஒன்றிலிருந்து வெளியே வந்து, குறிப்பிட்ட நேரத்துக்குள் நடந்துபோய் இன்னொன்றில் ஏறினால் ஒரே பயணமாகக் கணக்கு. ஆனால் வழியில் இருக்கும் பாதாளக் கடைவீதியில் வழி தவறாமல் போய்ச் சேர வேண்டும். அது உங்கள் சாமர்த்தியம்.

டிக்கெட் மெஷின்களுக்கு மேலே இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக ஒரு போர்டு. கலர் கலராகக் கோடுகள். சிவப்பு மிடோசுஜி லைன், ஊதா தனிமாச்சி, நீலம் யோட்சுபாஷி, பச்சை சூவோ... இப்படி எட்டு லைன். ஒவ்வொரு ஸ்டேஷன் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு எண். அதுதான் டிக்கெட் விலை. நீங்கள் நிற்கிற இடத்திலிருந்து அந்த ஸ்டேஷனுக்கு எவ்வளவோ அவ்வளவு. கோபுர தரிசனம் செய்கிற மாதிரி அண்ணாந்து பார்த்தேன். கழுத்து வலித்தாலும் சுகமாக இருந்தது. எனக்கு எண்கள் என்றால் பிடிக்கும்.

கணக்கு சுத்தம். 3 கிலோமீட்டர் வரை 190 யென். 7 கிலோமீட்டர் வரை 240. 13 வரை 290. 19 வரை 340. அதற்கு மேல் 390. அம்பது அம்பதாக ஏறுகிற படிக்கட்டு. (2025-ல் உலகக் கண்காட்சி நடந்த யுமேஷிமா என்ற செயற்கைத் தீவுக்குப் போனால் மட்டும் கொஞ்சம் கூடுதல்.) ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு முடியும் முன் வரை அரை டிக்கெட். யென்னை ரூபாயாக்க, பாதியாக்கி அதற்கு மேல் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள். ஆகக் குறைந்த டிக்கெட்டே நூறு ரூபாய்க்கு மேல்! பத்து ரூபாயில் ஆரம்பிக்கிற நம் சென்னை மெட்ரோவை நினைத்துப் பெருமூச்சு விட்டேன். அந்தச் சென்னை மெட்ரோவைக் கட்டக் கடன் கொடுத்ததில் பெரிய பங்கு ஜப்பானுக்கு என்பதும் ஞாபகம் வந்தது. 'கடன் கொடுத்தவன் வீட்டில் சாப்பாடு காஸ்ட்லியாகத்தான் இருக்கும்' என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

நான் போக வேண்டிய இடம் ஷின்சாய்பாஷி. கடைவீதி. நம் பாண்டிபஜாருக்குக் கூரை போட்ட மாதிரி. போர்டில் பார்த்தால் 240 யென். அதற்கு முந்தின ஸ்டேஷன் ஹொம்மாச்சி, 190 யென். (ஹொம்மாச்சி! 'யம்மாச்சி' என்று கூப்பிடத் தோன்றியது. ஷின்சாய்பாஷிக்கு அடுத்து வருகிற ஸ்டேஷன் பெயர்தான் விசேஷம்: 'நம்பா'. ஊருக்குள் வருகிறவனை இப்படியா எச்சரிப்பார்கள்?)

எனக்குள் இருந்த பி.காம். விழித்துக்கொண்டது. உமேடாவிலிருந்து ஷின்சாய்பாஷி மூன்று கிலோமீட்டரைக் கொஞ்சூண்டுதான் தாண்டுகிறது. அந்தக் கொஞ்சூண்டுக்கு அம்பது யென்னா? ஹொம்மாச்சியிலேயே இறங்கி ஒரு கிலோமீட்டர் நடந்தால் அம்பது யென் மிச்சம், உடம்புக்கும் நல்லது! 190 யென்னுக்கே டிக்கெட் எடுப்பதென்று தீர்மானித்தேன்.

பத்தாயிரம் யென் நோட்டை நீட்டினேன். நம் ஊரில் காலை முதல் ட்ரிப்பில் பஸ் கண்டக்டரிடம் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டிப் பாருங்கள், உங்கள் பரம்பரையே அலசப்படும். இந்த மெஷின் சத்தமில்லாமல் விழுங்கி, விரல் நகம் மாதிரி ஒரு குட்டி டிக்கெட்டையும் 9,810 யென்னையும் துப்பியது. ஒரு யென் குறையவில்லை. 2024 ஜூலையில் வந்த புது நோட்டு அது. அதில் இருப்பவர் ஷிபுசாவா எய்ச்சி. ராஜாவுமில்லை, ஜெனரலுமில்லை. கம்பெனி கம்பெனியாக ஆரம்பித்த வியாபாரி! டோக்கியோவில் காமர்ஸ் படிப்புக்கென்று ஒரு பள்ளி நிலைக்கப் பாடுபட்டவர். அந்தப் பள்ளிக்கூடம் பிற்பாடு இந்தக் கதைக்குள் வரப்போகிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ரயில் வந்தது. பத்துப் பெட்டி. ஓடிப்போய் ஏறப் பார்த்தால் தரையில் இளஞ்சிவப்புக் கலரில் ஏதோ எழுதியிருந்தது. உள்ளே முழுக்கப் பெண்கள். மிடோசுஜி லைனில் வார நாட்களில் ஆறாவது பெட்டி மகளிர் மட்டும்! நல்லவேளை, எழுத்து புரியாவிட்டாலும் கலர் புரிந்தது. அடுத்த பெட்டிக்குத் தாவினேன்.

உள்ளே மயான அமைதி. செல்போனில் பேசுகிறவன் ஒருத்தன் இல்லை. பாதிப் பேர் தூக்கம். அதுவும் சாதாரணத் தூக்கமில்லை, தலை மார்பில் தொங்குகிற தூக்கம். ஆனால் அவரவர் ஸ்டேஷன் வந்ததும் சாவி கொடுத்த மாதிரி எழுந்து இறங்கிவிடுகிறார்கள். அந்த வித்தை எனக்கு வராது என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். முந்தின ராத்திரி விமானத்தில் தூங்கவில்லை. இதமான ஏ.சி. மெத்தென்ற சீட்...

கண் விழித்தபோது கதவு மூடப் போகிற சத்தம். எகிறி வெளியே குதித்தேன். போர்டைப் பார்த்தால், ஷின்சாய்பாஷி!

யம்மாச்சி எப்போதோ போய்விட்டாள்.

சரி, அதனாலென்ன, எப்படியும் இங்கேதானே வரப்போகிறோம் என்று கூட்டத்தோடு நடந்து, கதவின் வாயில் டிக்கெட்டைப் போட்டேன். 'பிங்-பாங்!' என்று ஒரு சத்தம். இரண்டு பக்கமும் சின்னக் கதவு டபக்கென்று மூடிக்கொண்டது. பின்னால் வந்த பெரியவர் என் முதுகில் மோதி, அவர்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

உள்ளங்கை வியர்த்துவிட்டது ஸார். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

காலேஜ் படிக்கிற காலத்தில் மின்சார ரயிலில் சீசன் டிக்கெட் வைத்திருந்தேன். ஒருநாள் நண்பனோடு சினிமாவுக்காக சீசனுக்குரிய ஸ்டேஷனைத் தாண்டி இரண்டு ஸ்டேஷன் போய்விட்டேன். வேண்டுமென்றேதான், பொய் சொல்ல மாட்டேன். படியில் ஏறும்போது கறுப்புக் கோட்டு மறித்தது. பையில் நாற்பது ரூபாய். அபராதம் இருநூற்றைம்பது. நண்பன் கூட்டத்தோடு கரைந்துவிட்டான். என்னை ஒரு ரூமில் உட்கார வைத்தார்கள். ஏற்கெனவே அங்கே ஏழெட்டுப் பேர். ஒன்றரை மணி நேரம் கழித்து அப்பா வந்தார். அவர் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். முதலாளியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, பஸ் பிடித்து வந்திருந்தார். பணத்தைக் கட்டினார். ரசீதை மடித்துப் பையில் வைத்தார். வெளியே வந்ததும் டீ வாங்கிக் கொடுத்தார். வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று வரை பேசியதில்லை. திட்டியிருந்தால் மறந்து போயிருப்பேன்.

அந்த ரூம்தான் ஷின்சாய்பாஷியில் ஞாபகம் வந்தது. பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்துக்கொண்டேன். 'தமிழ் எழுத்தாளர் ஜப்பானில் கைது' என்று தலைப்புகூட மனசில் ஓடியது.

ஓரத்தில் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் யூனிபாரம் போட்ட இளைஞர். டிக்கெட்டை நடுங்கிக்கொண்டே காட்டினேன். அவர் பார்த்தார். முகம் சுளிக்கவில்லை. இரண்டு கையையும் சேர்த்து, கல்யாண வீட்டில் பந்திக்கு அழைக்கிற மாதிரி, ஒரு பக்கம் காட்டினார். அங்கே ஒரு மெஷின். கட்டணம் சரிசெய்யும் மெஷின். டிக்கெட்டைப் போட்டேன். திரையில் '50' என்று வந்தது. அவ்வளவுதான்! 240-ல் 190 போக மீதி 50. அபராதம் இல்லை, வட்டி இல்லை, 'ஏன் வந்தாய்?' இல்லை. அம்பது யென் நாணயம் நடுவில் ஓட்டை போட்டது. நம் பழைய ஓட்டைக் காலணா மாதிரி. போட்டதும் புது டிக்கெட் வந்தது. கதவு திறந்தது. போய்விட்டேன்.

சாயங்காலம் தம்பியிடம் சொன்னபோது, "இங்க எல்லாருமே அப்படித்தான் பண்ணுவாங்க அண்ணே. போர்டைப் படிக்கச் சோம்பலா இருந்தா, ஆகக் கம்மி டிக்கெட்டை வாங்கிட்டு இறங்குற இடத்துல மீதியைக் கட்டிருவாங்க" என்றான். அதாவது, 'நீ எங்கே போவாய் என்று எனக்குத் தெரியாது, போய்ச் சேர்ந்த பிறகு கணக்கு முடித்துக்கொள்ளலாம்' என்கிறது ரயில். வியாபார பாஷையில் சொன்னால், வாடிக்கையாளரை நம்பிக் கொடுக்கிற கடன்.

இவ்வளவு பயமுறுத்திய அந்தத் தானியங்கிக் கதவும் ஒசாகா சீமைச் சரக்குதான். அதைப் பெரிய அளவில் முதன்முதலாக வைத்தது 1967-ல், ஒசாகாவுக்கு வடக்கே கிடா-சென்ரி என்கிற ஸ்டேஷனில். கியோட்டோவைச் சேர்ந்த ஓம்ரான் கம்பெனிக்காரர்களின் வேலை. ஜனங்கள் டிக்கெட்டைக் கோணல்மாணலாகப் போடுவார்கள், அதை நேராக்குவது எப்படி என்று மண்டையை உடைத்துக்கொண்டார்களாம். மீன் பிடிக்கப் போன இன்ஜினீயர் ஒருவர், ஓடையில் மிதந்து வந்த மூங்கில் இலை ஒரு கல்லில் தட்டி, தானாகத் திரும்பி நேராகப் போனதைப் பார்த்து 'அகப்பட்டது' என்றாராம். கதை அப்படிச் சொல்கிறது. மெஷினுக்குள் ஒரு சின்னத் தடுப்பு, இலை போல டிக்கெட் திரும்பிக்கொள்கிறது.

வெளியே போகிற அவசரம் தணிந்ததும், மறுநாள் அதே ஸ்டேஷனில் பிளாட்பாரத்தை நின்று நிதானமாகப் பார்த்தேன். சுரங்கம் என்றால் தலையில் இடிக்கிற மாதிரி இருக்கும் என்றுதானே நினைப்போம்? இங்கே கல்யாண மண்டபம் மாதிரி வளைந்து உயர்ந்த கூரை, அலங்கார விளக்குகள். 1933-ல் கட்டியது!

அதைக் கட்டியவர் கதையைக் கேளுங்கள். பெயர் செக்கி ஹஜிமே. 1923-லிருந்து ஒசாகாவின் மேயர். அதற்கு முன்னால்? டோக்கியோ காமர்ஸ் கல்லூரியில் புரொபசர்! பத்தாயிரம் யென் நோட்டில் இருக்கிற ஷிபுசாவா பாடுபட்டாரே, அதே பள்ளிக்கூடம்தான். காமர்ஸ் படித்தவனால் கணக்குப்பிள்ளை ஆவதைத் தவிர ஒன்றும் முடியாது என்று சொல்கிறவர்கள் இந்தப் பாராவை வெட்டி வைத்துக்கொள்ளவும்.

அந்தக் காலத்தில் மிடோசுஜி என்பது ஆறு மீட்டர் அகலச் சந்து. செக்கி அதை 44 மீட்டர் அகலச் சாலையாக்கப் போகிறேன் என்றார். "நகரத்துக்கு நடுவில் விமானம் இறக்கப் போகிறாயா?" என்று கேட்டார்கள். அதே சாலைக்குக் கீழே சுரங்க ரயிலும் தோண்டினார். பணம்? சாலையாலும் ரயிலாலும் எவன் நிலத்தின் மதிப்பு ஏறுகிறதோ, அவனிடமே ஒரு பங்கை வசூல் செய்தார். லாபம் வருகிற இடத்தில் செலவை எழுது! எங்கள் அக்கவுண்டன்ஸி வாத்தியார் கேட்டிருந்தால் கண்ணீர் விட்டிருப்பார்.

1933 மே 20-ஆம் தேதி உமேடாவிலிருந்து ஷின்சாய்பாஷிக்கு முதல் ரயில். டோக்கியோவில் 1927-லேயே வந்துவிட்டது என்றாலும் அது தனியார். ஒரு நகராட்சி தானே கட்டி ஓட்டிய முதல் சுரங்க ரயில் ஜப்பானில் இதுதான். புத்தம் புது ரயில் பெட்டியைச் சுரங்கத்துக்குக் கொண்டுவந்தது எப்படித் தெரியுமா? மாடு பூட்டி இழுத்து! டிக்கெட் பத்து சென். ஓடியது ஒரே ஒரு பெட்டி. பிளாட்பாரமோ இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நீண்டு கிடந்தது. ஒற்றைப் பெட்டி வந்து நிற்க, 'யானைக்குக் கட்டிய கொட்டடியில் பூனை' என்கிற மாதிரி ஜனங்கள் சிரித்தார்கள். இன்றைக்குப் பத்துப் பெட்டி வந்து அதே பிளாட்பாரத்தில் நிற்கிறது, காலை எட்டரை மணிக்கு அதிலும் இடம் போதவில்லை.

அதைப் பார்க்க செக்கி இல்லை. 1935 ஜனவரியில் டைபாய்டில் போய்விட்டார், மேயர் பதவியில் இருக்கும்போதே. ரயில் நம்பாவைத் தொட்டது அதே வருஷக் கடைசியில். மேலே அந்த அகலச் சாலை முடிந்தது 1937-ல். நகானோஷிமாவில் அவருக்குச் சிலை இருக்கிறது. போய்ப் பார்த்தேன். நம் ஊர்ச் சிலை மாதிரி விரலை நீட்டி யாரையும் மிரட்டவில்லை.

நான் முதலில் அலுத்துக்கொண்டேனே, மூன்று கிலோமீட்டரைக் கொஞ்சூண்டு தாண்டுகிறது என்று, அந்த உமேடா-ஷின்சாய்பாஷி தூரம்தான் செக்கி திறந்து வைத்த முழு லைனும். இன்றைய கட்டணப் படிக்கட்டில் அது இரண்டாவது படியில் போய் விழுந்துவிட்டது. பாவம், அவர் தப்பில்லை.

ஷின்சாய்பாஷி பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1945 மார்ச் 13 ராத்திரி அமெரிக்க விமானங்கள் ஒசாகா மேல் நெருப்பைக் கொட்டின. ஏறக்குறைய நாலாயிரம் பேர் செத்தார்கள். கடைசி ரயில் போய், ஸ்டேஷன்கள் பூட்டிய நேரம். தீயில் சிக்கிய ஜனங்கள் ஷின்சாய்பாஷி வாசலுக்கு ஓடி வந்ததாகவும், யாரோ கதவைத் திறந்துவிட்டதாகவும், கீழே வெளிச்சத்தோடு ஒரு ரயில் வந்து தங்களை ஏற்றிக்கொண்டு எரியாத உமேடா பக்கம் கொண்டுபோய் விட்டதாகவும், தப்பித்தவர்கள் பல வருஷம் கழித்துச் சொன்னார்கள். ஒருத்தர் இரண்டு பேர் அல்ல, பலர். ஆனால் அந்த நேரத்தில் ரயில் ஓடியதாக ஆபீஸ் ரிகார்டில் ஒரு வரி கிடையாது. உத்தரவு போட்டவர் யார், ஓட்டியவர் யார், தெரியாது. ஒவ்வொரு யென்னுக்கும் கணக்கு வைத்திருக்கிற ஊரில் கணக்கில் வராத ஒரு ரயில்! அதில் டிக்கெட் கேட்டதாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

சுரங்கம் சும்மாவும் வந்துவிடவில்லை. 1970 ஏப்ரலில் தனிமாச்சி லைனை நீட்டத் தோண்டியபோது வாயுக்குழாய் கசிந்து வெடித்து, வேடிக்கை பார்த்தவர்கள் உட்பட 79 பேர் போனார்கள். ஊதாக் கோட்டில் போகும்போது அது ஞாபகம் வராமல் போகவில்லை.

சனிக்கிழமை தம்பிக்கு லீவு. "இன்னிக்கு ஒரு நாள் பாஸ் வாங்கிருவோம்ணே" என்றான். வார நாளில் 820 யென், சனி ஞாயிறு விடுமுறை நாளில் 620. நாள் பூரா எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம், இறங்கலாம். உடனே மனக்கணக்கு: 240 யென் பயணம் மூன்று போனாலே 720, நூறு யென் லாபம்! அன்றைக்கு நான் அடித்த கூத்தைத் தம்பி இன்னும் சித்தியிடம் சொல்லிச் சிரிக்கிறான். பஃபேக்குப் போனவன் வயிறு நிறைந்த பிறகும் தட்டை நீட்டுவானே, அந்த மாதிரி. வேலையே இல்லாத இடத்திலெல்லாம் ஏறி இறங்கினேன். பதினொரு தடவை!

அதிலும் ஒரு லாபம் இருந்தது. நாகாஹோரி சுருமி-ரியோகுச்சி என்று பேர் நீண்ட லைன் ஒன்று. 1990-ல் அங்கே நடந்த மலர்க் கண்காட்சிக்காகத் திறந்தது. பெட்டி நம் மினி பஸ்ஸுக்கு அண்ணன் மாதிரி குள்ளமாக இருக்கும். காரணம், சக்கரத்தைச் சுற்றுகிற மோட்டார் கிடையாது. தட்டையாக விரித்து வைத்த லீனியர் மோட்டார் அடியில் படுத்துக்கொண்டு இழுக்கிறது. மோட்டார் தட்டை என்றால் பெட்டி தாழும், பெட்டி தாழ்ந்தால் சுரங்கம் சிறுக்கும், சுரங்கம் சிறுத்தால் செலவு குறையும். ஜப்பானில் இந்த வகைச் சுரங்க ரயில் முதலில் ஓடியது இங்கேதான். 2006-ல் வந்த இமாசாத்தோசுஜி லைனும் இதே ரகம். அதில் ஏறியபோது எங்கள் பெட்டியில் நாங்கள் இரண்டு பேர், ஒரு பாட்டி, பாட்டியின் குடை.

"இது நஷ்டம்தானே?" என்றேன்.

"பின்னே? மிடோசுஜி சம்பாதிக்குது, இது உட்கார்ந்து சாப்பிடுது" என்றான். எல்லாக் கூட்டுக் குடும்பத்திலும் இப்படி ஒரு சிவப்புக் கோடு இருக்கத்தான் செய்கிறது.

2018 ஏப்ரலில் இதையெல்லாம் நகராட்சியிடமிருந்து பிரித்து 'ஒசாகா மெட்ரோ' என்று கம்பெனியாக்கினார்கள். பங்கு முழுக்க நகராட்சியிடமே. அதற்கு முன்பே ஒரு ஆச்சரியம் நடந்திருக்கிறது. 2014-ல் நுகர்வு வரி ஏறி, நாடெங்கும் ரயில் கட்டணம் ஏறியபோது, இவர்கள் முதல் கட்ட டிக்கெட்டை 200-லிருந்து 180-ஆகக் குறைத்தார்கள்! அப்புறம் 2023-ல் பத்து யென் ஏற்றி 190. அந்தப் பத்து யென் எதற்கென்றால் லிஃப்ட், பிளாட்பாரத் தடுப்புக் கதவு, இந்த மாதிரிச் செலவுக்கு.

பத்து யென்னுக்கு என்ன கிடைக்கிறது என்று கண்ணால் பார்த்தேன். ஒரு ஸ்டேஷனில் சக்கர நாற்காலியில் ஒரு அம்மாள். லிஃப்ட்டில் தனியாகவே இறங்கி வந்தார். ஒரு ஊழியர் கக்கத்தில் மடக்குப் பலகையோடு காத்திருந்தார். ரயில் நின்றதும் பலகையைப் போட்டார், நாற்காலி ஏறியது, பலகையை எடுத்தார், தொப்பியைத் தொட்டு ஒரு வணக்கம். நாங்களும் அதே ரயில்தான். அந்த அம்மாள் இறங்குகிற ஸ்டேஷனில், அதே கதவுக்கு நேராக, இன்னொருவர் இன்னொரு பலகையோடு நின்றுகொண்டிருந்தார். யாரும் யாரையும் கூப்பிடவில்லை, கத்தவில்லை. பெட்டியில் ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மட்டும்தான் பட்டிக்காட்டான் மாதிரி வாயைப் பிளந்தேன்.

ஒசாகா வியாபாரிகள் ஊர். அந்தக் காலத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தால் 'நல்லா இருக்கீங்களா?' என்று கேட்க மாட்டார்களாம். 'மோகாரிமக்கா?' என்பார்களாம், 'லாபம் வருதா?' என்று அர்த்தம். அதற்குப் பதில் 'போச்சி போச்சி'. 'ஏதோ ஓடுது' என்று அர்த்தம். நம் காதுக்குத்தான் மொத்தமும் போச்சு என்று விழுகிறது! இப்போது யாரும் அப்படிக் கேட்பதில்லை என்று தம்பி சொன்னான். இருந்தாலும் டாகோயாகி விற்கிற கடைக்காரரிடம் தைரியமாகக் கேட்டுவிட்டேன். அவர் ஒரு நிமிஷம் விழித்து, பிறகு கடையே அதிரச் சிரித்து, ஓர் உருண்டை கூடுதலாகப் போட்டார்.

அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு அப்பாவுக்குப் போன் போட்டேன். அங்கே சாயங்காலம் ஐந்தரை, அவர் டீ குடிக்கிற நேரம். கோட்டை, கோயில் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, மெதுவாக ஷின்சாய்பாஷி கதையையும் சொன்னேன். மெஷினில் 50 என்று வந்ததையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"அம்பதுதான் கேட்டுச்சா?"

"அம்பதுதாம்ப்பா. அபராதமெல்லாம் இல்லை."

"ரசீது குடுத்தானா?"

"புது டிக்கெட் வந்துச்சு. அதையும் கதவு முழுங்கிருச்சு."

"ம்..." டீயை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "அன்னிக்கு உனக்குப் பசிச்சிருக்கும். டீயோட பன்னும் வாங்கிக் குடுத்திருக்கலாம். கையில பஸ்ஸுக்கு மட்டும்தான் இருந்தது."

நான் என்ன சொல்ல என்று தெரியாமல் நின்றேன். "சரி சரி, ஐ.எஸ்.டி. காசு ஏறிட்டே இருக்கும், வச்சிரு" என்றார். வாட்ஸ்அப்புக்குக் காசில்லை என்று நூறு தடவை சொல்லியாகிவிட்டது, அவர் நம்புவதில்லை.